காகிதத்தில் எடுத்த ஓய்வு

இரவுப் பேருந்துகள் கிளம்பும் அந்தப் பணிமனையில் அவளுக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். ஓட்டுநர்களுக்கு டூட்டி போடுகிறவள் அவள்தான். இரவில் ஓட்டுகிறவர் பத்து மணி நேரத்துக்கு மேல் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது, இறங்கினால் பதினோரு மணி நேர ஓய்வு. அதில் ஐந்து நிமிஷம் குறைந்தாலும், மேலாளரே வந்து கெஞ்சினாலும் வண்டி நகராது. “அக்கா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க” என்று முனகுவார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். பதினாலு வருஷத்தில் அவள் போட்ட டூட்டியில் ஒரு விபத்து கிடையாது.

அங்கே ஓர் ஓட்டுநருக்குக் ‘குறட்டை’ என்று பெயர். நாற்காலி கிடைத்தால் போதும், டீ கையிலேயே ஆறிப்போகத் தூங்கிவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். “கொடுத்து வெச்ச மனுஷன்” என்பாள். டூட்டிப் பதிவேட்டில் ‘ஓய்வு எடுத்தேன்’ என்ற கட்டத்தில் அவர் கையெழுத்துப் போடுவார், கீழே இவளும் போடுவாள்.

அவளுக்கு வேலை மதியம் தொடங்கி இரவு வரை. காலையில் மகளைப் பள்ளி வேனில் ஏற்றுவது கணவன் பொறுப்பு. ஒரு நாள் அவனுக்குக் கால் சுளுக்கிக்கொள்ள, இவள் தெருவுக்கு வந்தாள். ஏழேகாலுக்கு வேன் வந்து நின்றது. ஸ்டீயரிங் முன்னால் குறட்டை.

“அஞ்சரைக்குத்தானே பஸ்ஸை விட்டு இறங்கினீங்க?”

“ஆமாக்கா.” அவர் முகம் வெளிறிவிட்டது.

“எத்தனை நாளா இது?”

“ரெண்டு மாசமா. வீட்டுல அவளுக்கு ஆபரேஷன் ஆச்சு, வேலைக்குப் போக முடியல. ஒருத்தர் சம்பளத்துல ஓடலக்கா. வெளிய சொல்லி வயித்துல அடிச்சிடாதீங்க.”

“முதல்ல வண்டியை ஆஃப் பண்ணுங்க.”

“பசங்களை யாரு கொண்டுபோவா?”

ஊர் ஓட்டுநர்களையெல்லாம் ஆட்டிவைக்கிற கடிகாரத்துக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. பள்ளிக்கூடம் இருபது நிமிஷ நடை. ஒன்பது பிள்ளைகளையும் இறக்கி, கை கோத்துக்கொள்ளச் சொல்லி நடத்திக்கொண்டு புறப்பட்டாள். முனையில் திரும்பிப் பார்த்தபோது அவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியிருந்தார்.

வழி முழுக்க அவளுக்குள் வழக்கு நடந்தது. சொன்னால் அந்த மனுஷனுக்கு வேலை போகும். அவர் மேல் இரக்கமாகத்தான் இருந்தது, ஆனால் இரக்கம் மட்டும் என்று சொன்னால் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. அவர் வீட்டில் ஓய்வெடுத்ததை இவள் பார்த்தாளா என்ன? பார்க்காமலே அறுபது கையெழுத்து! பதினாலு வருஷப் பேரும் சேர்ந்தே போய்விடும். வேன் வேலையை விடச் சொல்லி, காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அப்படி முடிவெடுத்ததும் நடை கொஞ்சம் இலகுவானது.

“அம்மா, நாளைக்கு வேன் வரும்ல?” என்றாள் ஏழு வயது மகள்.

“ஏன்டா?”

“முன்சீட்டுல என்னைத்தான் உக்கார வைப்பாரு டிரைவர் மாமா. அவரு தூங்கிட்டா தட்டி எழுப்பணும். அது என் வேலை.”

“சிக்னல்லயா?”

“ஓட்டும்போதும்தான். நேத்து நான் கத்தினதும் டக்குனு முழிச்சிட்டாரு. சமத்துன்னு சொன்னாரு.”

அவள் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பள்ளி வாசலில் ஒன்பது தலையையும் எண்ணி உள்ளே அனுப்பினாள். அப்புறம் சுவரோரமாக நின்று மேலாளரை அழைத்தாள்.

“சார், குறட்டை இன்னைக்கு பஸ் எடுக்கக்கூடாது. பகல்ல ஸ்கூல் வேன் ஓட்டறாரு, ரெண்டு மாசமா.”

“ஓய்வெல்லாம் சரியா இருக்குன்னு நீங்கதானேம்மா கையெழுத்துப் போட்டீங்க?”

“ஆமா சார். ரிப்போர்ட்ல என் பேரை முதல்ல எழுதுங்க.”