வாசலுக்குள் நுழையாத கட்டில்

ஆஸ்டின் டவுனின் அந்தச் சந்தில் வீணாவைத் தெரியாதவர்கள் இப்போது இல்லை. முன்பெல்லாம் அவள் ஆட்டோ ரவிக்குமாரின் மனைவி, அவ்வளவுதான். ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனி ஊருக்கு வெளியே போய்விட, பாதி நாள் பஸ்ஸிலேயே கழியும் என்று வேலையை விட்டாள். வேறு வேலை தேடி அலைந்தபோது, பெண்களுக்கு வெல்டிங் கற்றுத்தரும் ஒரு மையத்தின் போர்டு கண்ணில் பட்டது. சும்மா விசாரிக்கப் போனவள் பேர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"நெருப்புல இன்னா பண்ணப் போற நீ?" என்றான் ரவிக்குமார்.

"காலர் தெச்சுத் தெச்சு போர் அடிச்சிடுச்சு. இனிமே இரும்பத் தெச்சுப் பாக்குறேன்."

அவள் கற்றது மிக் வெல்டிங். துப்பாக்கி போன்ற பிடியின் விசையை அழுத்தினால், சுருளிலிருந்து கம்பி தானாக வந்து உருகும். கூடவே வரும் காஸ், உருகும் இரும்பில் காற்றுப் படாமல் காக்கும். கை மட்டும் ஒரே சீராக நகர வேண்டும். முதலில் தகட்டில் ஓட்டை ஓட்டையாய் விழுந்தது. ஒருநாள் இரண்டு தகடுகளை ஒட்டி, வரிசை பிசகாமல் ஒரு நீளப் பற்று வந்தபோது, முகமூடியைக் கழற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சி முடிந்ததும் அடுகோடி பகுதியில் இருந்த மைக்கேல்ராஜின் பட்டறையில் வேலை கிடைத்தது. ஸ்கூல் பஸ் சீட்டுகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் இடம்.

அவர்கள் வீடு ஒற்றை அறை. அவள், ரவிக்குமார், மாமியார் சின்னத்தாயி, பிள்ளைகள் ரக்ஷிதா, கிரண் என்று ஐந்து பேரும் தரையில்தான் படுப்பார்கள். யார் எழுந்தாலும் இன்னொருவர் காலை மிதிக்காமல் நகர முடியாது. ஓர் அடுக்குக் கட்டில் செய்தால் என்ன என்று வீணாவுக்குத் தோன்றியது. பட்டறையில் மிஞ்சும் இரும்புக் குழாய்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார் மைக்கேல்ராஜ். வேலை முடிந்த பிறகு தினமும் கொஞ்ச நேரம் நின்று, கட்டிலை அவளே செய்து முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அது சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கியது. சந்தே கூடிவிட்டது. நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்தார்கள். நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். அப்போதும் நுழையவில்லை.

"அளவு எடுத்தியா இல்லையா?" என்றான் ரவிக்குமார்.

"ரூம அளந்தேன். கட்டில அளந்தேன்."

"வாசல?"

வீணா வாசலைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். முதலில் சிரித்தது அவள்தான்.

"கூரையப் பிரிச்சு எறக்கிடலாமா?" என்றார் சந்து முனையில் மாவு மில் வைத்திருக்கும் வெங்கடராமன். ரவிக்குமாருக்கு முகம் சுருங்கியது. "பேஜாரா போச்சு. திருப்பிக் கொண்டுபோயிடச் சொல்லு."

"எங்கயும் போவாது. ரெண்டா வெட்டி உள்ள எடுத்துட்டுப் போய் ஒட்டிடுறேன்," என்றாள் வீணா.

மைக்கேல்ராஜுக்கு போன் செய்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சின்ன மெஷினையும் காஸ் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு தானே வந்தார். வீட்டு கரண்ட் அந்த மெஷினைத் தாங்காது. வெங்கடராமன் தன் மில்லிலிருந்து நீளமாக ஒயர் இழுத்துக் கொடுத்தார். வீணா நீளக் குழாய்களை நடுவில் அறுத்தாள். இரண்டு பாதியும் வாசலுக்குள் சுலபமாகப் போயின. துணிமணி, பாய், சமையல் காஸ் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. "யாரும் வெளிச்சத்தப் பாக்காதீங்க, கண்ணு போயிடும்," என்று எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள்.

வெட்டிய இடங்களில் உள்ளே சின்னக் குழாயைச் செருகி, முகமூடியை இறக்கி முதல் பற்று வைத்தாள். பொரபொரவென்று சத்தம் மாறியது. பார்த்தால், பற்று முழுக்க ரவா இட்லி மாதிரி ஓட்டை.

"காஸ் தீந்துபோச்சாண்ணா?"

"ஃபுல்லா இருக்கும்மா," என்றார் மைக்கேல்ராஜ்.

இருவரும் ஒயரைப் பார்த்தார்கள், காஸ் வரும் குழாயைப் பார்த்தார்கள். பிறகுதான் இருவருமே தலையை நிமிர்த்தினார்கள். உச்சியில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. காஸை அதுதான் அடித்துக்கொண்டு போயிருக்கிறது.

"யாரு ஃபேன் போட்டது?"

"நான்தாம்மா," என்றாள் வாசலில் நின்ற சின்னத்தாயி. "உனக்கு வேர்க்குதேன்னு போட்டேன்."

"ஐயோ அத்தே! வேர்த்தா வேர்க்கட்டும், அணைச்சிடுங்க."

கெட்ட பற்றைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை சத்தம் சீராக வந்தது. ஒவ்வோர் இணைப்பாக முடித்து, முகமூடியைக் கழற்றி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரும்பு ஆறியதும் பலகை போட்டார்கள். யார் முதலில் ஏறுவது என்று பேச்சு வந்தது. ரவிக்குமார் குழாயைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். "தாங்குமா வீணா?" என்றான் மெதுவாக.

அவள் பதில் சொல்வதற்குள் சின்னத்தாயி புடவையைச் செருகிக்கொண்டு மேல் தட்டுக்கு ஏறிவிட்டாள். கட்டில் அசையவில்லை. மேலே உட்கார்ந்து காலை ஆட்டினாள்.

"ஆயா, அது என் எடம்!" என்று கத்தினாள் ரக்ஷிதா.

"நீ கீழ படு. இங்க ஜன்னல் காத்து ஜம்முனு வருது."

ரவிக்குமாரும் ஏறிப் பார்த்தான். இறங்கும்போது அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. "ஏய், கல்லு மாதிரி இருக்குது!"

மெஷினைத் திரும்ப வண்டியில் ஏற்றுவதற்குள் வெங்கடராமன் மில் ஸ்டாண்டின் உடைந்த காலைக் கொண்டுவந்து வைத்தார். பின்னாலேயே ஒருவர் உடைந்த இரும்புக் கேட்டோடு வந்தார், இன்னொருவர் தள்ளுவண்டியோடு வந்தார். மைக்கேல்ராஜ் ஒரு பாயை விரித்து அங்கேயே சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு பல ஞாயிறுகளில் மைக்கேல்ராஜின் சின்ன மெஷினோடு வீணாவுக்குச் சந்திலேயே வேலை. ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் ரவிக்குமார், "கேட்டு, கிரில் எதுனா ஒடஞ்சிருந்தா சொல்லுங்க சார், நம்ம வீட்டுக்காரி வெல்டர்," என்கிறான்.