போத்தல் தேத்தண்ணியோடு நுவரெலியா டாக்டரிடம்

1962 தை மாதக் கடைசியில் பொகவந்தலாவையிலிருந்து நுவரெலியாவுக்கு ஒரு நாள் பயணம் போய் வந்தேன். ஊர் சுற்றப் போகவில்லை. ஆறு வருடமாக என் நெஞ்சு அவ்வப்போது ஒரு துடிப்பைத் தவறவிட்டுக்கொண்டிருந்தது. அதைக் காட்டப் போனேன். இதே தொல்லையோடு டாக்டர் தேடி மலையேற நினைப்பவர்களுக்காக நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன். என்னைப் போல நீங்களும் வழியெல்லாம் செத்துப் பிழைக்க வேண்டாம்.

தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். நான் அங்கே கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை செய்கிறவன். மார்கழியில் ஒரு நாள் ரோலர் பக்கத்தில் நிற்கும்போது நெஞ்சு ஒரு தாவு தாவி, நின்று, மறுபடி ஓங்கி அடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். செய்தி தோட்ட மேனேஜர் துரை வரைக்கும் போயிற்று. மெசினுக்குள் விழுந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டாராம். வேலை செய்யத் தகுதி என்று பெரிய டாக்டரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும், இல்லாவிட்டால் தை மாதக் கடைசியில் பேர் வெட்டு. தோட்டத்தில் பேர் வெட்டினால் வேலையோடு, தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்துக் காம்பராவும் போய்விடும். நான், மனைவி பாக்கியம், இரண்டு பெண் பிள்ளைகள் நாலு பேரும் தெருவில்தான்.

தோட்டத்து மருந்துக்காரரிடம் போகாமல் இல்லை. படபடப்பு வந்ததும் அரை மைல் ஓடுவேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் நாடி, விருந்தாளி முன்னால் பிள்ளை அடங்கி இருப்பது மாதிரி ஒழுங்காக அடிக்கும். "ஒனக்கு ஒண்ணும் இல்லடா, பயம்தான்" என்று வெள்ளை மாத்திரை இரண்டு கொடுத்து அனுப்புவார். ஐந்து முறை அப்படி. ஆறாவது முறை மாத்திரையும் இல்லை, திட்டுதான் கிடைத்தது.

அட்டனில் மளிகைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர்தான் நுவரெலியா டாக்டரைப் பற்றிச் சொன்னார். "யாழ்ப்பாணத்து மனுசன், தம்பி. ஒக்கார வெச்சுத்தான் பேசுவாரு. எங்க உம்மாவுக்கு அரை மணித்தியாலம் காது குடுத்தாரு" என்றார். மருந்தைவிட இந்த உட்கார வைக்கிற விஷயம்தான் என்னை இழுத்தது.

பனியில் கொழுந்து கருகி ஸ்டோரில் வேலை குறைந்திருந்த ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன். பாக்கியம் நாலு ரொட்டியும், ஒரு போத்தல் நிறையச் சாயமும் கட்டிக் கொடுத்தாள். தேயிலைத் தூளை அள்ளிப் போட்டுக் கறுக்கக் கறுக்கக் காய்ச்சிய தேத்தண்ணி அது. எனக்கு நெஞ்சு தாவும்போதெல்லாம் அவள் கொடுக்கிற வைத்தியம் அதுதான். லயத்தில் யாருக்குத் தலை சுற்றினாலும் முதலில் அடுப்பில் ஏறுவது சாயம்தானே. "பயமா இருந்தா ரெண்டு மடக்குக் குடிங்க, தெம்பு வரும்" என்று போத்தலைத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள்.

காலை ஐந்தே கால் பஸ். அட்டனுக்குப் பதினாறு மைல், எண்பது சதம், ஒன்றரை மணி நேரம். நோர்வூட் தாண்டும் வரை இருட்டு. வளைவுக்கு வளைவு பயந்து இரண்டு மடக்குக் குடித்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னாண்ணே, காலங்காத்தாலயே போத்தலா?" என்றார். மோந்து பார்க்கக் கொடுத்த பிறகுதான் நம்பினார்.

அட்டனில் எட்டு இருபதுக்கு ரயில். நானுஓயாவுக்கு இருபது மைல், மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் பத்துச் சதம். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் என் நெஞ்சு மூன்று முறை தாவியது. இருட்டில் போத்தலைத் தடவி எடுத்துக் குடித்தேன். மறுபக்கம் வந்தபோது வெயில் எழும்பிவிட்டது. தலவாக்கலைக்கு முன்னால் சென்கிளேயர் அருவி தெரிந்தது. அவ்வளவு தண்ணீர், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் விழுந்துகொண்டிருந்தது. பெட்டியில் இருந்தவர்கள் எழுந்து ஜன்னலை மொய்த்துக்கொண்டார்கள். நானும் கொஞ்ச நேரம் என் நெஞ்சை மறந்திருந்தேன். இடது பக்க ஜன்னலா வலது பக்க ஜன்னலா என்று நினைவில்லை. எல்லாரும் எழுந்து போகிற பக்கம் நீங்களும் போங்கள்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஐந்து மைல், பஸ்ஸில் முப்பது சதம். பத்தரைக்கு இறங்கினேன். நிழல் விழுந்த புல்லில் இன்னும் வெள்ளையாகப் பனி. டாக்டரின் டிஸ்பென்சரி குதிரைப் பந்தய மைதானத்துக்கு மேலே, கால் மைல் ஏற்றம். எனக்கு முன்னால் இருபத்திரண்டு பேர். நடுவில் ஒதுங்கப் போனால் இடம் போய்விடும் என்று நகரவில்லை. அதனாலேயே மூன்று மணி நேரம் ஒரு மடக்குகூடக் குடிக்கவில்லை. நெஞ்சோ, வஞ்சகமாக, ஒரு பிசகும் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. இந்த டாக்டரும் என்னைப் பொய்யன் என்றுதான் சொல்லப் போகிறார் என்று உறுதியாகிவிட்டது.

ஒன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான மனிதர். நான் தோள் துண்டை இடுப்பில் கட்டி, சுற்றிய போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவோரம் நின்றேன்.

"வந்து இருங்கோ. உங்களுக்கு என்ன செய்யுது?"

பிறந்ததிலிருந்து எந்த ஐயாவும் என்னிடம் 'உங்களுக்கு' என்று சொன்னதில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். துரை கேட்கும் கடிதத்தையும் சொன்னேன். நாடி பார்த்தார். சீராக இருந்தது.

"இப்ப ஒண்டும் இல்லை. ஆனா நீங்கள் சொல்லுறதை நம்புறன்" என்றார். "ஸ்டோரில மெசின் பழுதெண்டால் எப்பிடிச் சொல்லுவீங்கள்?"

"அந்தச் சத்தத்துல பேச்சு கேக்காதுங்க. ரோலர் ஓடுற ஓட்டத்தப் பலகையில தட்டிக் காட்டுவோம். ஃபிட்டர் ஐயா புரிஞ்சுக்குவாரு."

"அப்ப, உங்கட நெஞ்சையும் தட்டிக் காட்டுங்கோ."

மேசையில் விரல் முட்டியால் தட்டினேன். சீராக நாலு. பிறகு ஒன்று முந்திக்கொண்டு. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு ஓங்கி ஒன்று. அவர் முகம் மலர்ந்தது. ஆறு வருடமாக வாயால் சொல்லிப் புரியாதது அரை நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்போதுதான் என் மடியில் துண்டு சுற்றி இருந்ததைப் பார்த்தார். "அதென்ன போத்தல்?"

"தேத்தண்ணிங்க. படபடப்பு வந்தா குடிக்கிறதுக்கு."

மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டார். பத்துக் கிளாஸ், நெஞ்சு தாவினால் பன்னிரண்டு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மிச்சத்தைக் குடியுங்கோ. என்னோடதானே இருக்கிறீங்கள், பயமில்லை" என்றார்.

அரைப் போத்தலையும் குடித்தேன். என்னைத் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு மற்ற நோயாளிகளைப் பார்த்தார். ஓர் ஆள் போய் அடுத்த ஆள் வரும் இடைவெளியில் எல்லாம் என் மணிக்கட்டில் விரல் வைப்பார். ஐந்தாவது ஆள் வெளியே போனதும் நெஞ்சு தாவியது. அவர் பிடி இறுகியது.

"இந்தா, வந்திட்டுது."

நெஞ்சு பார்க்கும் குழாயின் ஒரு முனையை என் மார்பில் வைத்துவிட்டு, மற்றதைத் தன் காதிலிருந்து கழற்றி என் காதில் மாட்டினார். சொந்த நெஞ்சின் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். ஸ்டோரில் எந்த ரோதை எப்படிச் சுற்றும் என்று கண்ணை மூடிச் சொல்லக்கூடியவன் நான். ஞாயிற்றுக்கிழமை எல்லா மெசினையும் நிறுத்துவோம், எண்ணெய் போடுவோம், துடைப்போம். இதுவோ முப்பத்து நாலு வருடமாக ஒரு நாள் லீவு இல்லாமல், ஒருவர் கையும் படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைச் சுமந்துகொண்டு இதையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கண் கலங்கிவிட்டது. அப்போது அந்த இடைவெளி வந்தது. காதுக்குள் வெறும் அமைதி.

"நின்னுருச்சுங்களா?"

"நிக்கேல்ல. ஒரு அடி அவசரப்பட்டு முந்தி விழுந்திட்டுது. அடுத்தது பிந்தி, ஆறி வருது. கேளுங்கோ."

வந்தது. காது அதிர வந்தது.

பெரிய கோளாறாகத் தெரியவில்லை, ஆனாலும் கண்டிக்குப் போய் மெசினில் நெஞ்சைப் படம் எடுத்துவிடுங்கள் என்றார். நெஞ்சைத் தாவ வைப்பது சாயம்தான் என்று, அதை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னார். வேலைக்குத் தகுதி என்று கடிதம் எழுதினார். எழுந்தபோது, "காய்ச்சித் தந்தது ஆர், மனிசியோ? பக்குவமாச் சொல்லுங்கோ. மருந்தெண்டு நினைச்சுத்தான் தந்திருக்கிறா" என்றார். மூன்று ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

மூன்று இருபதுக்கு பஸ், நாலரைக்கு ரயில். எட்டு மணிக்கு பொகவந்தலாவையில் இறங்கியபோது பாக்கியம் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றாள். பக்குவமாகத்தான் சொன்னேன். அவள் காலிப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆறு வருசமா நாந்தான் குடுத்தேனா?" என்றாள். அவள் கையை எடுத்து என் நெஞ்சில் வைத்து, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்: மருந்தென்று நினைத்துத்தான் தந்தாய், இது நிற்கவில்லை, ஆறித்தான் வருகிறது. காலிப் போத்தலை லயம் வரைக்கும் அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கடிதத்தைத் துரை ஏற்றுக்கொண்டார். என் பேர் நிற்கிறது. கண்டிப் படத்திலும் பயப்பட ஒன்றும் இல்லை. போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்: அதிகாலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். கம்பளி இல்லாமல் தை மாசியில் ஏறாதீர்கள். படபடப்பு எப்போது வந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். வாய்க்கு வராவிட்டால் மேசையில் தட்டிக் காட்டுங்கள். எனக்குத் தேத்தண்ணியால் வந்தது; உங்களுக்கு வேறு காரணம் இருக்கலாம், அதனால் என் கதையை வைத்து நீங்களே வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம். ஒரு டாக்டர் நம்பாவிட்டால் அடுத்தவரிடம் போங்கள். நாற்பத்தொரு மைல் எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

இப்போதும் எப்போதாவது தாவும். பாக்கியம் அடுப்புப் பக்கம் போவதில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்துக்கொண்டு, அது திரும்பி வரும் வரை காத்திருக்கிறாள்.

"நிக்கலங்க," என்கிறாள். "ஆறி வருது."