பந்தைக் கொடுக்கிறவள்

முதல் நாள் ஆட்டம் முடிந்தபோது என் மகள் போட்டிருந்தது இரண்டே கூடை. நாலு பாயிண்ட். அவளோடு அதே இடத்துக்குப் போட்டியிட்ட பெண் ஒன்பது கூடை போட்டுவிட்டு, முடியை அவிழ்த்துக் கட்டியபடி சிரித்துக்கொண்டு தண்ணீர் குடித்தாள். உப்பளம் மைதானத்தின் சிமெண்ட் படியில் உட்கார்ந்திருந்த நான் அவளையே முறைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒருவர், "இதுல உங்க பொண்ணு எதுங்க?" என்று கேட்டார். காதில் விழாத மாதிரி எழுந்து போய்விட்டேன்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் அது. மில்லில் பதினெட்டு வருஷம் தறி ஓட்டி, மில் படுத்துவிட்ட பிறகு நான் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பு. படிப்பில் மோசமில்லை. ஆனால் அரசாங்க இன்ஜினியரிங் சீட்டுக்கு அந்த மார்க் எட்டாது. காசு கேட்கிற கல்லூரிகள் இருந்த திசையில் நாங்கள் தலைவைத்துக்கூடப் படுக்க முடியாது. மிச்சம் இருந்தது ஸ்போர்ட்ஸ் கோட்டா ஒன்றுதான். பாண்டிச்சேரி டீமின் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாகத் தேசியப் போட்டிக்குப் போய் வந்துவிட்டால் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அது சீட்டை வாங்கித் தந்துவிடும். அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். இந்தத் தடவை விட்டால் அவளும் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு காலர் தைக்கக் கிளம்ப வேண்டியதுதான். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

தேர்வு மூன்று நாள். வந்த பெண்களை இரண்டு அணியாகப் பிரித்து தினமும் சாயங்காலம் ஒரு ஆட்டம் ஆடவிடுவார்கள். மூன்று பேர் மேசை போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். மூவரில் பெரியவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனில் ஊர் திரும்பியவர், அங்கேயே கூடைப்பந்து ஆடியவராம். பதினோரு பேர் யார் யார் என்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாக்கி இருந்தது பாயிண்ட் கார்டு இடம் ஒன்று. பந்தைத் தட்டிக்கொண்டு மேலே வந்து, யாருக்குக் கொடுப்பது என்று முடிவுபண்ணுகிற ஆள். அந்த ஒரு இடத்துக்குத்தான் என் மகளும் அந்த ஒன்பது கூடைக்காரியும்.

எனக்குக் கூடைப்பந்தில் தெரிந்தது ஒன்றே ஒன்று. பந்து வளையத்துக்குள் போனால் பாயிண்ட். மில்லில் எங்களுக்குக் கூலி மீட்டர் கணக்கில். யார் எத்தனை மீட்டர் நெய்தார் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவார்கள். பலகையில் பேர் கீழே இருக்கிறவன் சோம்பேறி, அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் அப்படித்தான் மனிதர்களை எடைபோட்டுப் பழகியிருந்தேன். அந்த முதல் நாள் ஆட்டத்தின் நடுவிலேயே எழுந்து நின்று, "போடு, நீ போடு!" என்று கத்தினேன். பெற்றவர்கள் வாயைத் திறக்கக்கூடாது, இன்னொரு தடவை சத்தம் வந்தால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று ஒருவர் வந்து எச்சரித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"பந்து கைக்கு வந்தா வந்த உடனே அடுத்தவளுக்குத் தாரை வாத்துட்டு நிக்கிறியே, உனக்கு என்ன, கை நடுங்குதா?"

"அது என் வேலை பா. நான் குடுத்தா தான் அவங்க போட முடியும்."

"அவங்க போட்டா சீட்டு அவங்களுக்குப் போவும். உனக்கு என்ன வரும்?"

"பாஸ் குடுக்கறதையும் பாப்பாங்க பா. நான் யாரைப் பிடிச்சிக்கினு ஆடறேனோ அவளைப் போடவிடாம பண்றேன் இல்ல, அதையும் பாப்பாங்க."

"யாரு பாப்பாங்க? கிழிச்சாங்க. அங்க போர்டுல பாயிண்டுதான் எழுதறான். உன் பாசை எவன் எழுதறான்? ஊருக்கு ஒழைச்சது போதும். திராணி இருந்தா நீ வாங்கி நீ போடு. இல்லாட்டி நாளையிலேர்ந்து வீட்லயே கெட."

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள். என் வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு பூட்டு போட ஆளில்லாமல் போய்விட்டது அந்த வீட்டில்.

இரண்டாம் நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போனேன். அவள் பித்தலாட்டம் பண்ணுகிறாளா, உண்மையைச் சொல்கிறாளா பார்த்துவிடுவோம் என்ற வீம்புதான் காரணம். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டேன். கூடை, பாஸ், பிடிப்பது.

கூடைக் கட்டம் கிட்டத்தட்டக் காலியாகவே கிடந்தது. பாஸ் கட்டத்தில்தான் எனக்குக் குழப்பம் வந்தது. அவள் கொடுத்து, வாங்கியவள் போட்டால் ஒரு கோடு. சரி. அவள் கொடுத்து, வாங்கியவள் வளையத்துக்கு அடியில் தன்னந்தனியாக நின்றுகொண்டு தவறவிட்டால்? உருண்டை பிடித்துக் கையில் கொடுத்த சோற்றை வாயில் வைக்கத் தெரியாதவளுக்கு இவள் என்ன செய்வாள் என்று அதற்கும் ஒரு கோடு போட்டேன். அப்புறம் இவள் கொடுத்தவள் இன்னொருத்திக்குக் கொடுத்து அவள் போட்டால்? அதற்கு அரைக்கோடு. பிடிப்பதற்கான கட்டம் இன்னும் மோசம். எதிரணியில் ஒரு உயரமான பெண், ஒன்பது கூடைக்காரி இல்லை, வேறொருத்தி, அவளும் முதல் நாள் சக்கைப்போடு போட்டவள். என் மகள் அவளுக்குத் தோளுக்குக்கூட வரமாட்டாள். ஆனால் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு, அவளைப் பந்து பக்கமே திரும்பவிடவில்லை. அந்தப் பெண் எரிச்சலில் காலை உதைத்துக்கொண்டு நின்றாள். அதை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது? நடக்காமல் போன கூடைக்குக் கோடு எப்படிப் போடுவது?

அப்போதுதான் எங்கள் மில்லின் ஜாபர் ஞாபகம் வந்தார். தறிகளைச் சரிபார்த்துக்கொண்டு நடுவில் நடந்துகொண்டிருக்கிற ஆள். ஒரு மீட்டர்கூட நெய்யமாட்டார், பலகையில் அவர் பேரே கிடையாது. ஆனால் அவர் லீவு போட்ட அன்றைக்கு இங்கே நூல் அறும், அங்கே தறி நிற்கும், எங்கள் எல்லோருடைய மீட்டரும் படுத்துவிடும். அடப்பாவி, பதினெட்டு வருஷம் கண்ணால் பார்த்த விஷயம்டா இது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். கட்டங்களை அடித்துவிட்டு, அவள் உள்ளே போகும்போது என்ன ஸ்கோர், வெளியே உட்காரும்போது என்ன ஸ்கோர் என்று மட்டும் எழுத ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டு அவளைத் திரும்ப இறக்கியபோது அவள் அணி பன்னிரண்டு, எதிரணி பத்தொன்பது. உட்காரவைத்தபோது இருபத்தாறுக்கு இருபத்து மூன்று. அவள் உட்கார்ந்திருந்த நேரத்தில் இருபத்தெட்டுக்கு முப்பத்து மூன்று ஆகிவிட்டது. கடைசியில் மறுபடி இறங்கினாள். முப்பத்தேழுக்கு முப்பத்தைந்தில் ஜெயித்தார்கள். அவள் கணக்கில் மொத்தமே மூன்று பாயிண்ட். ஒரே நாளை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது, மற்ற நாலு பேர் ஆடியதும் இதில் இருக்கிறது, மில்லில்கூட ஒரு மாதக் கணக்கைப் பார்த்துத்தான் பேசுவோம். அதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் படியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். என் மகளைப் பார்த்துப் பெருமையில் எனக்கு அழுகை வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவளே கேட்டாள். "இன்னிக்கு எப்படி பா ஆடினேன்?"

எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்று. பெற்ற பிள்ளையை முகத்துக்கு நேரே மெச்சக்கூடாது, அதுவும் காரியம் முடிவதற்கு முன்னால் மெச்சவே கூடாது. எங்கப்பா என்னை ஒரு தடவை மெச்சியதில்லை. பெற்றவன் கண்தான் முதலில் படும் என்பார்கள். லிஸ்டில் பேர் வருவதற்குள் நானே கண்வைத்துக் கெடுத்துவிட்டால்? அதனால், "ம், பாக்கலாம்" என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் படுத்த பிறகு மனைவியிடம் நோட்டைக் காட்டி, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துச் சொன்னேன். அவளுக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏங்க, இதை அவளாண்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நேத்து நீங்க பேசினதுல கொழந்தை சுருண்டு போயிருக்கு."

"நாளைக்கு லிஸ்ட் வரட்டும், நானே சொல்றேன். அதுக்குள்ள நீ வாயைத் தொறந்து வைக்காதே. கண்ணு பட்டுடும்."

மூன்றாம் நாள் நிம்மதியாகப் போய் உட்கார்ந்தேன். ஆட்டம் முடிந்ததும் சொல்தாவிடம் என் நோட்டைக் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன். ஆட்டம் ஆரம்பித்தது. முதல் பந்து என் மகள் கைக்கு வந்தது. வலது பக்கம் ஒருத்தி கையைத் தூக்கிக்கொண்டு காலியாக நின்றாள். என் மகள் அவளைப் பார்க்கவே இல்லை, நேராகப் போய் எறிந்தாள். விழுந்தது. அடுத்ததையும் அவளே எறிந்தாள், விழவில்லை. அதற்கடுத்ததும் அவளே. நேற்று ராத்திரி நான் "ம், பாக்கலாம்" என்றதுதான் அவள் மனசில் நின்றிருக்கிறது. ஐயோ, முதல் நாள் நான் சொன்னதைச் செய்கிறாள்.

பந்து எதிரணி கைக்குப் போனால், தான் பிடிக்க வேண்டியவளை அப்படியே விட்டுவிட்டு மறுகோடிக்கு ஓடி நின்றுகொண்டாள். பந்து திரும்பி வந்தால் உடனே வாங்கிப் போடலாமே. நேற்று பந்து பக்கமே திரும்ப முடியாத உயரப் பெண் இன்றைக்குக் கேட்பாரில்லாமல் போட்டுக்கொண்டிருந்தாள். என் மகளின் அணியில் இருந்த பெண்களே முறைத்தார்கள். ஒருத்தி, "எங்களுக்கும் குடுடீ!" என்று கத்தினாள்.

தாங்க முடியவில்லை. எழுந்து, "குடு பாப்பா, குடு! போடாதே, குடு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று எதிர்க்காற்று, நடுவில் விசில் சத்தம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா எழுந்து நின்று கையை ஆட்டிக் கத்துகிறார் என்பதுதான். முதல் நாள் எச்சரித்த ஆள் வந்து என் கையைப் பிடித்தார். "ஒரே ஒரு வார்த்தை சார், அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்" என்று கெஞ்சினேன். ஆட்டம் நடக்கும்போது முடியாது என்று என்னை நெட்டிக்கொண்டுபோய் கேட்டுக்கு வெளியே விட்டார். நான் வெளியேற்றப்படுவதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னும் வேகமாக எறிய ஆரம்பித்தாள். கம்பி வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிச்ச ஆட்டத்தைப் பார்த்தேன். பதினாலு பாயிண்ட் எடுத்தாள். அவள் அணி இருபத்தொரு பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்றது.

லிஸ்டை வாசித்தபோது என்னையும் உள்ளே விட்டார்கள். பன்னிரண்டு பேரையும் வாசித்து முடித்த பிறகும் இன்னொரு பேர் வரும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

சொல்தா ஸ்கூட்டரை எடுக்கப் போகும்போது வழிமறித்தேன். நோட்டை விரித்து, "ஐயா, நேத்து எப்படி ஆடினான்னு பாருங்க, இன்னிக்கு ஆடினது அவ ஆட்டமே இல்லீங்க" என்று உளறினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தார். 'சார்' என்பதற்குப் பிரெஞ்சில் 'மிசியே' என்றுதான் யாரையும் கூப்பிடுவார்.

"நீங்களே எழுதினீங்களா? நாங்களும் இதைத்தான் பாத்தோம் மிசியே. நேத்து சாயந்திரம் வரைக்கும் உங்க பொண்ணு பேரு தான் எழுதி வச்சிருந்தோம். போடறதுக்கு எங்களுக்கு ஆறு பேரு இருக்காங்க. குடுக்கறதுக்கும் மறிக்கறதுக்கும் தான் ஆள் இல்ல." நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். "அந்தப் பொண்ணு இன்னிக்கு ஏன் அப்படி மாறிப்போச்சி? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். பதறிப்போய்ப் பின்வாங்கினார். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனித் தன் கையில் எதுவும் இல்லை என்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

டெம்போவில் முன் சீட்டில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நான் ஏறி உட்கார்ந்தும் வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"பதினாலு பாயிண்ட் பா. மூணு நாள்ல இன்னிக்குத்தான் அதிகம். நீ சொன்ன மாதிரிதானே ஆடினேன்?"

"ஆமாம்மா" என்றேன். "நான் சொன்ன மாதிரிதான் ஆடினே."