வேன் மூடிக்குள் அக்காவின் பொட்டு

வாயைத் திறந்து ஒருவரிடம் ஒன்று கேட்பதென்றால் கன்னையா அத்தானுக்கு உயிரே போய்விடும். கிள்ளானிலிருந்து ஷா ஆலம் தொழிற்சாலைக்கு வேனில் ஆள் ஏற்றுகிறவர். வழி தெரியாவிட்டால் சுற்றிச் சுற்றி ஓட்டுவாரே தவிர நிறுத்திக் கேட்கமாட்டார். கண்ணாடியை இறக்கிக் கேட்பது பக்கத்தில் இருக்கும் என் அக்கா பவுனம்மாள்தான். போன மாசியில் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆயுத பூசைக்கு எல்லாரும் வண்டிக்கு வெளியே பொட்டு வைப்பார்கள். அக்கா மட்டும் டிரைவர் சீட்டைத் தூக்கி, இன்ஜின் மூடியின் உள்பக்கம் வைப்பாள். "வெளிய வெச்சா மழை கழுவிட்டுப் போயிடும் லா" என்பாள். அங்கே வழவழப்பாக ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அதன்மேல் மஞ்சளும் சந்தனமும் குழைத்து மூன்று விரலால் ஓர் இழுப்பு, நடுவில் கட்டைவிரலால் குங்குமம். இன்ஜின் சூட்டில் அது இறுகி, அவள் விரல் ரேகைகூட அப்படியே தெரியும். அத்தான் சில நாள் சீட்டைத் தூக்கி அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

யூரோ நான்கு என்ற புகை விதிக்குக் குறைந்த டீசல் வேன் இனி உள்ளே வரக்கூடாது, உன் வண்டி எந்த விதி என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். வேன் ஜப்பானில் ஓடிப் பழசாக இங்கே வந்தது. வண்டிப் பதிவுப் பத்திரமான கிராண்டில் இங்கே பதிந்த வருடம்தான் இருந்தது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இன்ஜின் பக்கத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் என்று மற்ற டிரைவர்கள் பேசிக்கொண்டது அத்தான் காதில் விழுந்திருக்கிறது.

நான் மீன் குழம்போடு போனபோது, அவர் கையில் பழைய பல் பிரஷ். வாளியில் மஞ்சள் தண்ணீர்.

"ஐயோ அத்தான்! என்னா செஞ்சு வெச்சிருக்கீங்க?"

"வேலை போயிடும் அமுதா. வேற வழி தெரியல."

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஒர்க்ஷாப் அம்மாரைக் கேட்டீங்களா?"

பிரஷை வாளியில் போட்டுவிட்டு மூடியைக் காட்டினார். ஸ்டிக்கரில் இருந்ததெல்லாம் ஜப்பான் எழுத்து.

நானே மூடி, கதவு எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு மெக்கானிக் அம்மாரிடம் ஓடினேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "இதுக்கா சுரண்டுனாரு அண்ணன்? கதவோரத் தகட்டுல மாடல் நம்பர் இருக்கே அக்கா. அதோட முன்னெழுத்தை வெச்சே எந்த விதிக்குச் செஞ்ச வண்டின்னு தேடிடலாம். ஒரு போன் அடிச்சிருந்தா போதுமே!"

கதவுப் படத்தை வைத்துத் தேடிப் பார்த்தான். வண்டி தேறிவிட்டது. அத்தானிடம் வந்து சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். எனக்குத் திட்டத்தான் வந்தது, திட்ட முடியவில்லை.

இந்த வருட ஆயுத பூசைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்னவோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, கடைசியில் கேட்டேவிட்டார்.

"நீ வெச்சு விடு அமுதா. அவ கை மாதிரிதானே உன் கையும்."

இந்த மனுஷன் வாய் திறந்து கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். இருவரும் வெகுநேரம் குனிந்து பார்த்தோம். அது என் கையாகத்தான் இருந்தது.