நாற்பத்து மூன்று

மகளின் புது டி-சர்ட்டை உறையிலிருந்து எடுத்ததும் சாயமும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை வந்தது. பக்கத்தில் அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தி மூணைக் கிட்டக்க இருக்கற பத்துக்கு முழுதாக்கணுமாம். எவ்வளவும்மா?"

எனக்குப் பனியன் கம்பெனிகள் நிறைந்த ராயபுரத்தில் நாங்கள் இருந்த ஒற்றை அறை ஞாபகம் வந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து பனியன்களில் தொங்கும் நூல் பிசிறு வெட்டுவாள். பத்துப் பத்தாக அடுக்கி, வேஸ்ட் துணியால் கட்டுவாள். காலையில் வரும் கம்பெனி ஆட்டோ முழுக் கட்டுகளை மட்டும்தான் எடுத்துப் போகும்.

அன்று அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். ஆனாலும் கத்தரியைக் கீழே வைக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று முடிந்திருந்தது. அந்த வாரம்தான் வகுப்பில் இதே கணக்கு நடந்திருந்தது.

"நாப்பதுன்னே வெச்சுக்கலாம்மா. டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க. நீ படுத்துக்கோ."

அம்மா சிரித்தாள். "உங்க டீச்சரு பிசிறு வெட்டுனதே இல்லையாட்ட இருக்குது. அந்த மூணு எங்க கண்ணு போச்சு?"

ஐந்தாவது கட்டுக்கு மீதி ஏழு பனியன்களையும் வெட்டிக் கட்டிய பிறகுதான் அம்மா சுவரில் சாய்ந்தாள். அடுத்த பரீட்சையில் அந்தக் கணக்குக்கு ஐம்பது என்று எழுதினேன். டீச்சர் தப்புப் போட்டுவிட்டு ஏன் என்று கேட்டார். விடைத்தாளை வாங்கிக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

"நாப்பது" என்றேன் மகளிடம்.

அவள் எழுதினாள். பிறகு பென்சிலைக் கடித்தபடி, "அப்ப அந்த மூணு எங்கம்மா போச்சு?" என்றாள்.

சட்டையின் ஓரத்தில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. கத்தரி எடுக்கப் போவதுபோல் எழுந்துபோனேன்.