நாக்கில் வைக்காத பாயசம்

கொரோனா காய்ச்சல் எனக்கு வந்து போய்விட்டது. போகிறபோது என் மூக்கையும் நாக்கையும் கையோடு கொண்டு போய்விட்டது. இருமல் நின்றது, உடம்பு வலி நின்றது, படியேறினால் மூச்சு வாங்குவதும் நின்றது. ஆனால் மல்லிகைப் பூவை மூக்கில் வைத்துத் தேய்த்தாலும் ஈரம் மட்டும்தான் தெரிந்தது. எலுமிச்சை ஊறுகாய் தின்றால் எரிந்தது, புளிக்கவில்லை. கம்பத்து டாக்டர், "வந்துரும்மா, பொறுமையா இருங்க" என்றார். பொறுமைக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்தே ஆகாது. இருந்தும் இருந்து பார்த்தேன். வரவில்லை.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னால் பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. ஓடைப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு ஒரு காதுகுத்துக்காக உறவெல்லாம் வந்திருந்தது. நான் வைத்த குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. சாப்பிட்டவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர்க் குடம் மட்டும் சீக்கிரம் காலியானது. தேனி கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, என் கையிலிருந்த கரண்டியைப் பூப்போல வாங்கிக்கொண்டு, "நீ உக்காரு ஆத்தா. வெங்காயத்தை மட்டும் உரிச்சுக் குடு, போதும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் வெங்காயம் உரிக்கும் பதவி எனக்கு நிரந்தரம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அன்பாக ஒதுக்கினால் என்ன செய்வது? வெங்காயம் கண்ணை எரிப்பது வசதியாக இருந்தது. நான் அழுகிறேனா, ஆத்திரத்தில் இருக்கிறேனா என்று யாருக்கும் தெரியாது.

சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கண்டதையெல்லாம் கற்றுக்கொள்ள இறங்கினேன். போனில் பார்த்துப் பார்த்துக் கொக்கி ஊசியில் நூல் பின்னினேன். மேசை விரிப்பாக ஆரம்பித்தது தொப்பியாக முடிந்தது. மொட்டை மாடியில் ரோஜா வைத்தேன். பூத்தபோது எல்லோரும் வந்து முகர்ந்துவிட்டு ஆகா என்றார்கள், எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தத் தொட்டிகளிலேயே வெண்டைக்காய் போட்டேன். ஒரு பழைய ஆர்மோனியம் வாங்கி வந்து வாசித்ததில், பக்கத்து வீட்டார் எங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் சமையலுக்கே திரும்பினேன். நாக்கும் மூக்கும் இல்லாவிட்டால் போகட்டும், கண்ணும் காதும் கையும் இருக்கின்றன அல்லவா? உப்பைத் தராசில் நிறுத்துப் போட ஆரம்பித்தேன். கடுகு வெடித்து ஓய்கிற சத்தம், வெங்காயம் வதங்கும்போது சத்தம் தணிவது, எண்ணெய் ஓரத்தில் பிரிவது, இதையெல்லாம் முன்பு நான் கவனித்ததே இல்லை. அப்போதெல்லாம் அவசரமாக ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தால் முடிந்தது வேலை. இப்போது அடுப்பங்கரையில் ரேடியோகூடப் போடுவதில்லை. குழம்பு கொதிக்கும் சத்தத்தை வைத்தே அது தண்ணீராக இருக்கிறதா, கெட்டியாகிவிட்டதா என்று கூடத்திலிருந்தே சொல்வேன்.

ருசி பார்த்துச் சொல்ல என் வீட்டுக்காரர் இருந்தார். அவரைப்போல் ஒரு உதவாத ஆள் இந்த வேலைக்குக் கிடைக்க மாட்டார். எதைக் கொடுத்தாலும் "நல்லா இருக்கு" என்பார். ஒருநாள் வேண்டுமென்றே உப்பில்லாமல் ரசம் வைத்துக் கொடுத்தேன். "நல்லா இருக்கு" என்றார். தம்ளரைப் பிடுங்கித் தோட்டத்தில் ஊற்றினேன்.

ஆனால் அவரிடமிருந்த ஒரு சாமான் எனக்கு உதவியது. எங்களுக்கு விதையில்லாத் திராட்சைத் தோட்டம். பழம் வாங்க வருகிற வியாபாரி சும்மா தின்று பார்த்து விலை சொல்வதில்லை. பிரிக்ஸ் மீட்டர் என்று கையளவில் ஒரு குழாய் வைத்திருப்பார். அதன் நுனிக் கண்ணாடியில் பழச்சாறு ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால், உள்ளே மேலே நீலமும் கீழே வெள்ளையும் தெரியும். இரண்டும் சேருகிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் பழத்தின் இனிப்பு. வியாபாரி ஏமாற்றிவிடக் கூடாதென்று எங்கள் வீட்டிலும் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். நாக்கு செய்கிற வேலையைக் கண் செய்கிறது! இத்தனை நாள் இதை அலமாரியில் பூட்டி வைத்திருந்தோமே என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

குமுளிப் பக்கம் பலாப்பழத்திலும் அன்னாசியிலும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பிரதமன் என்று பாயசம் காய்ச்சுவார்கள். அதையே எங்கள் திராட்சையில் செய்து பார்த்தேன். முதல் தடவை கூழாகிவிட்டது. அடுத்த தடவை தேங்காய்ப்பால் திரிந்தது. அதற்கடுத்து நன்றாக வந்ததை எப்படித் தெரிந்துகொண்டேன் என்றால், "நல்லா இருக்கு" என்று சொல்ல மறந்து என் வீட்டுக்காரர் சட்டியை வழித்துக்கொண்டிருந்தார். அதன்பின் பழத்தின் எண் இத்தனை இருந்தால் வெல்லம் இத்தனை என்று மனப்பாடமாகும்வரை திரும்பத் திரும்பச் செய்தேன்.

மாசி சிவராத்திரிக்கு எங்கள் பங்காளிகள் எல்லோரும் குலசாமி கோயிலில் கூடுவது வழக்கம். தேனி, போடி, திருப்பூர் என்று எங்கெங்கோ பிழைக்கப் போனவர்கள் வேன் பிடித்து வந்துவிடுவார்கள். மறுநாள் பகலில் படையல். அதற்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. படைக்கிறவரை யாரும் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. உப்புப் பார்ப்பதும் கிடையாது, காரம் பார்ப்பதும் கிடையாது. ஊரே சாப்பிடுகிற சாப்பாடு ருசி பார்க்காமலேயே வேக வேண்டும். நாத்தனாருக்கு அது பிறந்த வீட்டுச் சாமி, வருசா வருசம் அவர்தான் முன்னால் நின்று எல்லாவற்றையும் பொங்கி இறக்குவார்.

இந்த மாசிக்கு எங்கள் வீட்டில் கூடிப் பேசியபோது நான் வாயைத் திறந்தேன். "பாயசம் நான் காய்ச்சுறேன்."

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். நாத்தனார் மெதுவாகச் சொன்னார், "ஏத்தா, வீட்டுல என்ன வேணாலும் செஞ்சு பாரு. சாமிக்கு வைக்கிறதுல விளையாடக் கூடாது. உனக்குத்தான் ருசியே தெரியாதே."

"சாமிக்கு வைக்கிறதை யாரு மதினி ருசி பாக்குறாக? நீங்களும் பாக்க மாட்டீக, நானும் பாக்க மாட்டேன். அன்னைக்கு ஒருநாள் உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

யாரோ சிரித்துவிட்டார்கள். நாத்தனார் முந்தானையை இழுத்துச் செருகினார்.

"நாக்கு போனாலும் வாய் மட்டும் நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார். "சரி, காய்ச்சு. ஆனா கெட்டுப்போச்சுன்னா இனிமே எந்த விசேஷத்துலயும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"வர மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எதைச் சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது. இனி வாழ்நாள் முழுக்க வெங்காயம்.

படையலன்று கோயில் புளியமரத்தடியில் வரிசையாக அடுப்பு மூட்டியிருந்தார்கள். எங்கள் தோட்டத்துத் திராட்சை பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. ஒரு குலையைப் பிழிந்து மீட்டரில் ஒரு சொட்டு விட்டுக் கண்ணில் வைத்தேன். கோடு நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை, நன்றாகக் கீழே இறங்கி நின்றது. வேறு பெட்டியில் எடுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே. வீட்டில் நான் பழகிய பழமெல்லாம் மேட்டு வரிசைப் பழம். வேலையாட்கள் கோயிலுக்கு வெட்டி அனுப்பியிருந்தது பள்ளத்து வரிசையில். தை மாதத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் தண்ணீர் தேங்கிய இடம் அது. பார்வைக்கு முத்து முத்தாக இருந்தது. உள்ளே இனிப்பு ஏறவில்லை.

"வெல்லம் பத்தாது. இன்னும் பாதிக்குப் பாதி வேணும்" என்றேன்.

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இருக்குற வெல்லமே எதேஷ்டம். இதுக்கு மேல போட்டா தொண்டையக் கமறும். ஏன், பழம் நல்லாத்தான இருக்கு?"

"பாக்க நல்லாத்தான் இருக்கு மதினி, புளிக்கும்."

"தின்னு பாத்தியா?"

"குழாய்ல பாத்தேன்."

அவர் குரல் உயர்ந்தது. "சாமி சாப்பாட்டை ருசி பாக்கக் கூடாதுன்னு தெரியாதா? இதுவும் ருசி பாக்குற மாதிரிதான?"

வழக்கு பூசாரியிடம் போனது. எங்கள் பங்காளிதான் அவரும், எனக்கு மாமா முறை. மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்க்கப் போனவரை இழுத்து மரத்துப் பக்கம் திருப்பினேன். "அட, நீலமா இருக்கு!" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "நாக்குலதான் வைக்கக் கூடாது. கண்ணால பாக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல." அதற்குள் அவருக்குப் பின்னால் குழாய்க்குள் பார்க்க ஒரு வரிசையே நின்றுவிட்டது. பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம்.

வெல்லம் வாங்க ஆள் போனது. நாத்தனார் என் பக்கத்திலேயே நின்றார். "உன் இஷ்டம். நான் சொல்றதைச் சொல்லிட்டேன்" என்றார். அவருடைய கைப்பக்குவம் இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். அவர் வேண்டாம் என்கிறார், ஒரு குழாய் வேண்டும் என்கிறது. அப்போது ஒரே ஒரு பழத்தை வாயில் போட்டால் நியாயம் தெரிந்துவிடும். யாராலும் போட முடியாது. நான் பார்த்த கோட்டை நம்புவதா, எல்லோரும் நம்புகிற நாக்கை நம்புவதா? வந்த வெல்லத்தையும் சேர்த்து முழுக்கப் பாகுச் சட்டியில் கொட்டினேன்.

அடுப்பிலிருந்த பெரிய கொப்பரையில், நெய்யில் திராட்சை வதங்கித் தோல் வெடித்தது. அடுத்து பாகு சேர்ந்து சுண்ட வேண்டும். அதை நான் காதால்தான் பிடிப்பேன். சலசலவென்று கொதிப்பது பொதக் பொதக் என்று மாறுகிற நேரத்தில் தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்து மைக் செட்டில் பாட்டை அலற விட்டார்கள். எனக்குக் கண் மண் தெரியாத கோபம் வந்தது. கரண்டியோடு எழுந்து நின்று, "ஏலே, அதை அமத்துங்கடா! எனக்குப் பாயசம் கேக்கணும்!" என்று கத்தினேன்.

பாட்டு நின்றது. கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. இவளுக்கு மூளையும் போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அந்த அமைதியில் கொப்பரை எனக்குத் தெளிவாகப் பேசியது. இரண்டாம் பாலை ஊற்றினேன், கொதி வந்ததும் இறக்கிவைத்து முதல் பாலை ஊற்றிக் கிளறினேன். சுக்கும் ஏலமும் நிறுத்துக் கொண்டுவந்தபடி போட்டேன். பால் திரியவில்லை. அதற்கு மேல் செய்வதற்கு எதுவும் இல்லாததால் பயம் வந்துவிட்டது.

படையல் முடிந்து பந்தி போட்டார்கள். முதல் தம்ளர் பூசாரி மாமாவுக்கு. நான் பாயசத்தைப் பார்க்கவில்லை, அவர் தொண்டையைப் பார்த்தேன். ஒரு மடக்கு இறங்கியது. நிறுத்தினார். என் உயிரும் நின்றது. அடுத்து தம்ளரைக் கவிழ்த்து முழுசாகக் குடித்துவிட்டு என் பக்கம் நீட்டினார். மறுபடி ஊற்றினேன்.

அப்புறம் நடந்ததை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. ஜெயித்துவிட்டேன். பந்தியில் சாதத்துக்கு முன்பே பாயசம் கேட்டார்கள். திருப்பூர்க்காரர்கள் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து அதில் பிடித்துக்கொண்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர் இருவர் மரத்துக்குப் பின்னால் நின்று குடித்ததை நானே பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் போய், "யாரு காய்ச்சுனதுன்னு தெரியும்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. சந்தோசம் நெஞ்சுக்குள் அடங்கவில்லை.

எல்லோரும் சாப்பிட்டு ஓய்ந்த பிறகு நாத்தனார் கொப்பரையை வழித்துக் கடைசித் தம்ளரை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தம்ளரை என்னிடம் நீட்டினார். நான் ஒரு வாய் குடித்தேன்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"வெதுவெதுன்னு இருக்கு. கொழகொழன்னு இருக்கு" என்றேன். "அவ்வளவுதான் மதினி எனக்கு."

அவர் முகம் மாறியது. அத்தனை பேர் குடித்துக் கொண்டாடிய பாயசத்தில், காய்ச்சியவளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தம்ளரை என் கையிலிருந்து திரும்ப வாங்கினார். ஒரு மடக்குக் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மொதல்ல புளிப்பு வருது" என்றார். "நாக்கு ஓரத்துல சுருக்குன்னு. பயந்துறாத, உடனே வெல்லம் வந்து அதை அமுக்குது. அமுக்குனாலும் புளிப்பு போகல, அடியில கிடக்கு. அதான் திகட்டல." இன்னொரு மடக்கு. "பழம் ஒண்ணு பல்லுல மாட்டுது. உள்ள இருந்து சாறு வருது, நெய் வாசத்தோட. இப்பத்தான் தேங்காப்பால் தெரியுது. முழுங்குனப்பெறகு சுக்கு தொண்டையில நிக்குது. கமறல ஆத்தா. நான் சொன்ன அளவு வெல்லம் போட்டிருந்தா புளிச்சித்தான் போயிருக்கும்."

நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் வந்ததற்குப் பிறகு நான் ருசித்த முதல் சாப்பாடு அதுதான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மதினி" என்றேன்.

அவர் தம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"மறந்துபோச்சு" என்றார். "ஞாயித்துக்கிழமை தேனிக்கு வா. எங்க வீட்டு அடுப்புல காய்ச்சு, மறுபடி சொல்றேன்."