செவலையோடு போன படகுப் பயணம்

அப்பாவுக்கு மூச்சு வாங்குவது அதிகமான வருடம், ஆலப்புழைக்குப் போய் இரண்டு நாள் படகு வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். கேட்டது அவர்தான். போடிமெட்டைத் தாண்டிய சரிவில் எங்கள் ஏலக்காய்த் தோட்டம். நாற்பது வருடம் அதில் ஏறி இறங்கியவர், மேடே இல்லாத ஓர் இடத்தில் சும்மா உட்கார வேண்டும் என்றார். தோட்டத்து நாய்கள் இரண்டும் கூட வர வேண்டும் என்றும் சொன்னார். நாய்களை ஏற்றச் சம்மதிக்கும் படகுக்காரரைத் தேடிப் பிடிக்கவே மூன்று நாள் ஆனது.

போடியில் நான் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்துக்கு வேண்டிய மருந்தெல்லாம் என் கடையிலிருந்துதான் ஜீப்பில் மேலே போகும். அப்பா ஆள் வைத்து மருந்தடிக்கமாட்டார். மற்றவர்களுக்குப் பக்குவம் தெரியாது என்று தானே டேங்கை முதுகில் சுமப்பார், வாயில் ஒரு துண்டுகூடக் கட்டாமல். மதுரையில் நுரையீரல் மருத்துவர், இவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டபோது விவசாயம் என்று மட்டும் சொன்னேன். அப்பா என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

முதல் நாள் நன்றாகவே போனது. அப்பா படகின் முன்பக்கம் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார். செவலை நாய் அவர் காலடியில் கிடந்தது. கறுப்பு நாய் தண்ணீரைப் பார்த்துப் பயந்து என் மகளைவிட்டு நகரவில்லை. என் மனைவி வறுத்த மீனை முள் எடுத்து மாமனாருக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவர் இரண்டாம் முறை சோறு கேட்டார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்காக ஒரு வரப்போரம் படகைக் கட்டினார்கள். அங்கெல்லாம் ஆறு உயரத்திலும் வயல் பள்ளத்திலும் இருக்கிறது. கீழே ஒருவர் நெல்லுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். நாய்களைக் கொஞ்சம் அவிழ்த்துவிடச் சொன்னார் அப்பா. கறுப்பு இறங்கவில்லை. செவலையின் கழுத்துப் பட்டையை நான்தான் கழற்றினேன். அது வரப்பில் ஓடி, அங்கே இருந்த வாளியில் வாய் வைத்தது. வயலில் இருந்தவர், "பட்டியெப் பிடிக்கு, விஷமாணு" என்று, நாயைப் பிடிக்கச் சொல்லி மலையாளத்தில் கத்திக்கொண்டே ஏறி வந்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அது தாகம் தீரக் குடித்துவிட்டிருந்தது. மருந்து கலக்கிய வாளி.

அந்த வாடை எனக்குத் தெரியும். டப்பாவைப் பார்க்கக்கூடத் தேவையில்லை. முறிவு ஊசி என்ன என்பதும் தெரியும். அந்த ஊசி கிடைக்கும் இடம் படகில் ஒன்றரை மணி நேரத் தூரம்.

படகுக்காரர் முடிந்த வேகத்தில் ஓட்டினார். செவலைக்கு எச்சில் வடிந்தது, பிறகு நுரை தள்ளியது, கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. என் மனைவி அதன் வாயைக் கழுவிக்கொண்டே இருந்தாள். மகள் கறுப்பை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா தரையில் உட்கார்ந்து செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அதற்கும் அவருக்கும் ஒரே மாதிரி மூச்சு இழுத்தது.

"அப்பு, இது நம்ம கடையில விக்கிறதா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"நான் அடிச்சதும் இதானே?"

தலையசைத்தேன்.

செவலையின் காதைத் தடவிக்கொண்டே, "மதுரையில டாக்டர் கேட்டப்பச் சொல்லியிருக்கணும்பா" என்றார். குரலில் கோபம் இல்லை. அதற்குமேல் பேச அவருக்கு மூச்சும் இல்லை.

படகுத்துறை கண்ணுக்குத் தெரிந்தபோது செவலை அடங்கிவிட்டது. வெயில் இன்னும் இறங்கவில்லை. அங்கேயே எங்காவது புதைத்துவிடலாம் என்றேன். அப்பா மறுத்துவிட்டார். தண்ணிக்குள்ள எங்கடா புதைப்ப, மேல கொண்டு போவோம் என்றார். படகுக்காரர் மீன் பெட்டி ஒன்றில் ஐஸ் நிரப்பிக் கொடுத்தார். குமுளி வழியாக வண்டி ஏறியது. வழியில் யாரும் எதுவும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் ஏலச்செடிகளுக்கு நடுவில் நான் குழி வெட்டினேன். அப்பா ஒரு கல்லில் உட்கார்ந்து, இன்னும் ஆழமாக, இன்னும் ஆழமாக என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் என்னோடு பேசாமல் இருந்தார் என்று சொல்ல முடியாது. மழையைப் பற்றிப் பேசினார், காய் எடுப்பைப் பற்றிப் பேசினார். கடையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐப்பசி மழையில் இறந்துபோனார்.

கடையை நான் இன்னும் திறக்கிறேன். எனக்கு வேறு சோலி தெரியாது. என் மகள் முன்பெல்லாம் பள்ளி விட்டதும் கடைக்குள் வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இப்போது தெருவின் எதிர்ப்பக்கமாக, இந்தப் பக்கம் திரும்பாமல் நடந்து போகிறாள். நானும் கூப்பிடுவதில்லை.